படுக்கையறை மரத்தரை: எந்தக் கோளாறு, எங்கிருந்து வருகிறது

மரத்தரையில் ஏதாவது வேண்டாதது கண்ணில் பட்டால், உப்புத்தாளையும் சுத்தியலையும் எடுப்பதற்கு முன்னால் நாள்காட்டியைப் பாருங்கள். வைகாசியில் இரண்டு பலகைக்கு நடுவே மெல்லிய கோடாக இடைவெளி தெரிந்தால் அது மரத்தின் சுபாவம். அதே இடைவெளி கார்த்திகையில் தெரிந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. புதுச்சேரி, கடலூர் பக்கம் மரத்தரைக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஈரத்தால் வருபவை. எந்த மாதம் வந்தது, அறையின் எந்த மூலையில் வந்தது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே நனைந்திருக்கும். மார்கழி, தையில் காலைப் பனி. ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும் பகல்களில் துணி அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். மரம் இந்தக் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தில் நிலைத்து நின்றால் மரத்துக்குள் சுமார் 9 சதவீதம் ஈரம் இருக்கும். 80 சதவீதத்தில் நின்றால் சுமார் 16. தேக்கு நல்ல பிள்ளை. 100 மி.மீ. அகலப் பலகை, ஈரம் ஒரு சதவீதம் மாறினால் 0.2 மி.மீ.-க்கும் சற்றுக் குறைவாகத்தான் அசையும். ஓக் கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு பங்கு அசையும். வருஷத்துக்குள் நான்கு சதவீதம் ஏறி இறங்கினால் ஒரு தேக்குப் பலகைக்கு முக்கால் மில்லிமீட்டர். சின்னதுதான். ஆனால் பன்னிரண்டடி அறையின் அகலம் முழுவதற்கும் கூட்டினால் கணக்கில் 27 மி.மீ. வருகிறது. ஆணியும் இணைப்புகளும் அதில் ஒரு பங்கை அடக்கி வைத்தாலும், மிச்சம் எங்காவது போயாக வேண்டும்.

நான் இங்கே பேசுவது நிஜ மரப் பலகைத் தரை: 18 மி.மீ. கனம், ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு, மறுபக்கம் அது நுழையும் காடி. கீழே கான்கிரீட் அல்லது பழைய டைல்ஸ், அதன்மேல் பாலிதீன் தாள், அதன்மேல் 12 மி.மீ. தண்ணீர் தாங்கும் பிளைவுட் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு. இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று திருகாணியில் சேர்ந்திருக்கும், தளத்தைத் துளைத்திருக்காது. பலகை நாக்கின் மேல் மூலையில் சாய்வாக ஆணி வாங்கியிருக்கும். மரப் படம் ஒட்டிய லேமினேட் தரைக்கு வைத்தியம் வேறு.

கையில் இருக்க வேண்டியவை: மரத்தில் முள் குத்தி ஈரம் பார்க்கும் மாய்ஸ்ச்சர் மீட்டர், ரசமட்டம், ஆறடி மட்டப்பலகை, டார்ச், தடித்த பாலிதீன் தாளும் டேப்பும். மீட்டர் இல்லாதவர்கள் ஒரு பலகைத் துண்டை எடுத்து, சமையலறைத் தராசில் இரண்டு நாளைக்கு ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். எடை மாறுவது நின்றால் மரம் அறையோடு பழகிவிட்டது. ஏசி போட்டுத் தூங்கப் போகிற அறை என்றால், பழக விடும் நாட்களிலும் ராத்திரி ஏசி ஓட வேண்டும்.

போடும்போதே: பலகையோடு பலகை சேரவில்லை

நாக்கு காடிக்குள் பாதி போய் நிற்கிறது, தட்டினாலும் இறங்கவில்லை. முதலில் காடிக்குள் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சிம்பு, மரத்தூள், காய்ந்த பாலிஷ், சரியாக இறங்காத ஆணித்தலை, இந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். ஒன்றுமில்லை என்றால் பலகையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி நீளவாக்கில் பாருங்கள். வில்லாக வளைந்திருந்தால் அந்தப் பலகையை இரண்டாக அறுத்து, ஓரத்துக்கோ அலமாரிக்கு அடியிலோ ஒதுக்கிவிடலாம்.

ஒரே பலகைக் கட்டுக்குள் பத்துப் பலகை தொடர்ந்து இப்படி இறுக்குகிறது என்றால் மரம் ஈரம் குடித்திருக்கிறது. வேலையை நிறுத்துங்கள். மீட்டரில் பலகைக்கும் கீழே இருக்கும் பிளைவுட்டுக்கும் வித்தியாசம் பாருங்கள். 75 மி.மீ.-க்குக் குறைந்த குறுகல் பலகைக்கு நான்கு சதவீதம் வரை பொறுக்கலாம். அதைவிட அகலமான பலகைக்கு இரண்டு சதவீதத்துக்குமேல் போகக் கூடாது. இந்த ஊரில் ஏசி இல்லாத அறைக்கு 12, 13 சதவீதத்தில் இருக்கும் பலகை நிம்மதி. 17, 18 காட்டும் பலகையை ‘காய்ந்த மரம்தான் சார்’ என்று யார் சொன்னாலும் அடிக்க விடாதீர்கள்.

ஒன்று முக்கியம். நாக்கின்மேல் நேராகச் சுத்தியல் படக் கூடாது. காடி உள்ள ஒரு துண்டுப் பலகையை நாக்கில் மாட்டி, அதைத்தான் தட்ட வேண்டும். நசுங்கின நாக்கு அடுத்த வரிசையையும் கெடுக்கும்.

வரிசை போகப் போகக் கோணுகிறது

சுவர் நேராக இருக்கும் என்று நம்பி சுவரையே பிடித்து முதல் வரிசையை அடித்ததன் பலன் இது. பழைய வீடுகளில் எதிரெதிர்ச் சுவர் இரண்டும் ஒரே தூரத்தில் இருப்பது அபூர்வம். முதல் வரிசைக்கு நூல் அடித்துத்தான் தொடங்க வேண்டும். மூலைக்கு 3 அடி, 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். அரை அங்குலம், ஒரு அங்குலம் வித்தியாசம் வந்தால் பாதியை இந்தச் சுவருக்கும் பாதியை அந்தச் சுவருக்கும் பங்கிட்டுவிட்டு, கடைசிப் பலகையைச் சாய்வாக இழைத்துப் பொருத்துங்கள். சாய்வு விழும் பக்கம் கட்டில் தலைமாடாகவோ அலமாரியாகவோ இருந்தால் யார் கண்ணுக்கும் படாது.

ஏற்கெனவே ஏழெட்டு வரிசை அடித்தபின் கோணல் தெரிந்தால், அடுத்த வரிசைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திவிடலாம் என்று ஆசாரி சொல்வார். அப்படித் திருத்தினால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு முனை திறந்து நிற்கும். பிரித்து அடிப்பதுதான் சரி.

வெயில் காலத்தில் பலகைக்கு நடுவே இடைவெளி

அறை முழுக்கச் சமமாக, ஏடிஎம் அட்டையின் கனத்துக்குள் இருக்கிறது, சித்திரைக்குப் பிறகு வந்தது என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். முக்கியமாகப் பட்டி வைத்து அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் திரும்ப அகலும்போது அந்தப் பட்டிக்கு இடம் இருக்காது. ஒன்று அது பிதுங்கி வெளியே வரும், அல்லது பலகையின் ஓரத்தை நசுக்கிவிடும். நசுங்கினால் அடுத்த கோடையில் இடைவெளி இன்னும் பெரிதாகும். வருஷா வருஷம் பட்டி வைத்து வருஷா வருஷம் இடைவெளி வளர்வதன் காரணம் இதுதான்.

எல்லா இணைப்பும் இறுகி இருக்க, ஒரே ஒரு இடத்தில் மட்டும் மூன்று, நான்கு மி.மீ. பிளந்தால் அது வேறு கதை. பாலிஷ் ஓரங்களில் வழிந்து ஐந்தாறு பலகையை ஒட்டவைத்துவிட்டால் அவை ஒரே துண்டாகச் சுருங்கி, சேர்ந்து சுருங்கியதெல்லாம் ஒரே இடைவெளியாக வெளிப்படும். கூர்மையான மெல்லிய கத்தியை ஒட்டிய இணைப்புகளில் ஓட்டி விடுவித்தால் அடுத்த பருவத்தில் பரவலாகப் பிரிந்துகொள்ளும். ஏசி காற்று நேராக விழும் பட்டையிலோ, மேற்கு ஜன்னல் வெயில் விழும் இடத்திலோ பிளந்தால் வழி எளிது. ஏசியின் தடுப்பை மேல்நோக்கித் திருப்பி, ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு ஒரு பருவம் பார்க்கலாம்.

மழைக்காலத்தின் உச்சத்திலும் இடைவெளி மூடவில்லை என்றால், ஈரமாக அடித்த மரம் காய்ந்திருக்கிறது. அதே மரத்தில் மெல்லிய சீவலை இழைத்து, ஒரு பக்கம் மட்டும் பசை வைத்துச் செருகி, மேல்மட்டத்துக்கு இழைத்துவிடலாம். இதை ஐப்பசிக்குப் பிறகு, மரம் அகன்றிருக்கும்போதே செய்ய வேண்டும். கோடையில் செய்தால் சீவலும் பட்டி செய்யும் கெடுதலையே செய்யும்.

பலகையின் ஓரம் எழும்பி நடுவில் குழிகிறது

இந்த ஊரில் இதுதான் பெரிய புகார். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் வெறுங்காலுக்குத் தெரியும். ராத்திரி விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள். ஒவ்வொரு பலகையின் ஓரமும் ஒரு நிழல் கோடு போடும். ஒரு இரும்பு ஸ்கேலைப் பலகைக்குக் குறுக்கே நிறுத்தி நடுவில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் ஒன்றே ஒன்று: பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது. அடி அகல, மேல் அப்படியே நிற்க, ஓரம் தூக்குகிறது. ஆக, ஈரம் எங்கிருந்து அடிக்குப் போனது என்பதை இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

குளியலறை வாசலை ஒட்டி மட்டும் இருந்தால் வாசற்படியின் அடியில் தண்ணீர் நுழைகிறது. குளியலறையில் ஒரு வாளி தண்ணீரை வாசற்படியின் உள்பக்கம் ஊற்றிவிட்டு, படுக்கையறைப் பக்கம் கடைசிப் பலகையின் ஓரத்தில் மீட்டரை வைத்துச் சாயங்காலம் வரை பாருங்கள். எண் ஏறினால் படிக்கல்லை எடுத்துக் கீழே நீர்புகாப் பூச்சு பூசித்தான் ஆக வேண்டும். மேலே சிலிக்கான் இழுப்பது ஒரு மழைக்குத்தான் தாங்கும்.

வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் ஜன்னல் சாரல், சுவர் விரிசல், அல்லது ஏசியின் தண்ணீர்க் குழாய். குழாய் சுவருக்குள்ளே போகும் வீடுகளில் இதை முதலில் சந்தேகப்படுங்கள். குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவர் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கும். ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரின் அடியில் ஓடும் பட்டையைக் கழற்றினால் சுவரில் உப்பு பூத்திருப்பது காட்டிக்கொடுத்துவிடும்.

அறை முழுக்க ஒரே மாதிரி இருக்கிறது, அதுவும் தரைத்தளம் என்றால் ஓதம். கான்கிரீட்டிலிருந்தே ஈரம் ஏறுகிறது. அறையின் ஒரு மூலையில் நான்கைந்து பலகையையும் பிளைவுட்டையும் பிரித்து, தளத்தில் ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலிதீன் தாளை நாலாபக்கமும் டேப் ஒட்டி மூடுங்கள். மூன்று நாள் கழித்துத் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலோ, தளம் கறுத்திருந்தாலோ சந்தேகமே வேண்டாம். இந்தச் சோதனையைத் தரை போடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். செய்கிறவர்கள் ஏப்ரலில் செய்துவிட்டு ‘காய்ந்திருக்கிறது’ என்று திருப்திப்படுகிறார்கள். நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் கார்த்திகையில் செய்தால்தான் அந்தச் சோதனைக்கு அர்த்தம். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை மாதிரி கடலுக்குப் பக்கத்தில், ஓதத் தடுப்பு இல்லாத பழைய வீட்டின் தரைத்தளத்தில் நிஜ மரத்தரை வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மாடி அறைக்குப் போடுங்கள். மரமும் நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள்.

புது வீடு என்றால் கான்கிரீட்டின் வயதைக் கேளுங்கள். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று காய விடுவது பழைய கைக்கணக்கு. நாலங்குலத் தளத்துக்கு நான்கு மாதம். நடுவில் மழைக்காலம் வந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதெல்லாம் இல்லாமல், கட்டிலைச் சுற்றி நடமாடும் இடத்தில் மட்டும் குழிவாக இருந்தால், தரை துடைக்கும் துணியைப் பாருங்கள். டைல்ஸ் துடைக்கிற பழக்கத்தில் சொட்டச் சொட்டத் துணி போட்டால் தண்ணீர் இணைப்புக்குள் இறங்கி அடியில் தேங்கும். முறுக்கிப் பிழிந்து, கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு இருந்தால் போதும். பொங்கலுக்கு வீடு கழுவும்போது இந்த அறைக்குக் கதவைச் சாத்திவிடுங்கள்.

இனி வைத்தியம். ஈரத்தின் வழியை அடையுங்கள், மின்விசிறியை ஓட விடுங்கள், காத்திருங்கள். அவ்வளவுதான். கஷ்டமான பகுதி காத்திருப்பதுதான். ஒரு வீட்டில் மார்கழிக் கடைசியில் வீட்டுக்கார அம்மாவுக்கும் ஆசாரிக்கும் நடந்த பேச்சு இது. ஏசிக் குழாயைச் சரிசெய்து பத்து நாள்கூட ஆகவில்லை.

“தம்பி, மேலாக இழைச்சு விட்டுடுங்களேன். பொங்கலுக்கு எல்லாரும் வர்றாங்க.”

“இப்ப இழைச்சா பொங்கலுக்கு அழகாத்தான்க்கா இருக்கும். சித்திரை வந்தா ஒவ்வொரு பலகையும் நடுவுல மேடாயிடும். அப்ப வந்து என்னைத்தான் கேப்பீங்க.”

அவர் இழைக்கவில்லை. மீட்டரைக் குத்தி 16 என்று சுவரோரம் பென்சிலில் தேதியோடு எழுதிவிட்டுப் போனார். ஆனி மாதம் திரும்ப வந்து குத்தியபோது 12. ஓரங்கள் தாமாகவே முக்கால்வாசி அமர்ந்திருந்தன. மிச்சமிருந்த மெல்லிய அலையை உப்புத்தாள் எடுத்துவிட்டது. நல்ல ஆசாரி என்று நான் சொல்வது இப்படி ஒரு ஆளைத்தான்.

ஓரம் தாழ்ந்து நடு மேடாக இருக்கிறது

பெரும்பாலும் மேலே சொன்ன அவசரத்தின் விளைவு. ஈரத்தில் எழும்பி நின்ற ஓரங்களை இழைத்துத் தள்ளியாயிற்று. மரம் காய்ந்ததும் ஓரம் கீழே போய்விட்டது. காய்ந்த மாதத்தில் மீட்டர் எண் அறை முழுக்கச் சமமாக வந்தபின் இன்னொரு முறை சமன் செய்யலாம். ஆனால் நாக்குக்கு மேலே இருக்கும் கனம் ஆறு, ஏழு மி.மீ.தான். அதில் ஏற்கெனவே ஒரு பங்கு போயிருக்கிறது என்பதை நினைவில் வைத்து, மெஷின் ஓட்டுகிறவரிடமும் சொல்லிவிடுங்கள்.

தரை அப்படியே மேலே தூக்கிக்கொண்டது

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் தெருத்தெருவாக நுழைந்தது. அப்படித் தண்ணீர் வந்து நின்ற அறையில் மரத்தரை நடுவில் அரை அடி உயரத்துக்குக்கூட எழும்பும். மரம் அகன்றது, சுவரோரம் போக இடமில்லை, மேலேதான் போயாக வேண்டும்.

முதலில் அந்த அறையின் மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். அப்புறம் எழும்பிய இடத்தில் கை வைக்காமல் சுவர்ப்பக்கம் போங்கள். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, பலகை சுவரில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். முட்டுகிற பக்கத்தில் ஒரு பலகை வரிசையை நீளவாக்கில் அறுத்து எடுத்தாலே பெரும் அழுத்தம் விடுபடும். எழும்பிய இடத்தின்மேல் ஏறி நிற்பதும், பீரோவை நகர்த்தி வைப்பதும் நாக்கை உடைக்கும். ஹீட்டர் வைத்துச் சுடச்சுடக் காயவைத்தாலும் பலகை பிளக்கும்.

எடுத்த பலகைகளுக்குப் பின்னால் வரிசை எண் எழுதி, நடுநடுவே சின்னச் சட்டம் வைத்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் அடுக்குங்கள். தேக்குப் பலகை பெரும்பாலும் தப்பிக்கும். சாக்கடை கலந்த வெள்ளம் என்றால் பிளைவுட்டையும் பாலிதீனையும் யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டும். அவற்றுக்கு நடுவில் தங்கின அழுக்கு படுக்கையறையில் இருக்கக் கூடாது.

வெள்ளமே வராமல் சாதாரண மழைக்கே தூக்கியிருந்தால் சுவரோரம் இடைவெளி விடாமல் அடித்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் 12 முதல் 15 மி.மீ. வேண்டும். கதவு நிலைக்கு அடியிலும் வேண்டும், அங்கேதான் மறப்பார்கள். சிமெண்டோ பட்டியோ போட்டு அந்த இடைவெளியை அடைத்திருந்தாலும் இடைவெளி இல்லாத கணக்குதான்.

நடந்தால் கிறீச்சிடுகிறது

ஒருவர் நடக்க, இன்னொருவர் தரையில் உள்ளங்கையை வைத்துக் கவனியுங்கள். சத்தம் வரும் பலகை கைக்குத் துடிப்பாகத் தெரியும். கோடையில் மட்டும் சத்தம் போட்டு, மழையில் அடங்கினால் பலகையோடு பலகை உரசுகிறது. முகத்துக்குப் போடும் பவுடரை இணைப்பில் தூவி, தூரிகையால் உள்ளே தள்ளி, நாலு முறை மிதித்துவிடுங்கள். பல நேரம் அதுவே போதும்.

இரண்டு வாரத்தில் திரும்பினால் ஆணி தளர்ந்திருக்கிறது. மேலிருந்து திருகாணிதான் வழி. இங்கே நீளத்தில் ஏமாறக் கூடாது. பலகை 18, பிளைவுட் இரண்டும் சேர்த்து 24, ஆக 42 மி.மீ. கீழே பாலிதீன். 30 மி.மீ. திருகாணியை, தலை 6 மி.மீ. உள்ளே இறங்கும்படி போட்டால் முனை 36-இல் நிற்கும். தாளுக்கு 6 மி.மீ. மிச்சம். முதலில் சிறு துளை போட்டுக்கொண்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை இறக்கி, அதே மரத்தில் வெட்டிய சின்னக் கட்டையை ரேகை ஒத்துப்போகிற மாதிரி பசையிட்டு அடைத்து மட்டமாகச் சீவிவிடுங்கள். கடற்கரை ஊரில் சாதா இரும்பு ஆணியும் திருகாணியும் சீக்கிரம் துருவேறித் தளரும். முதல் நாளே நல்ல எஃகு வாங்கிவிடுவது உத்தமம்.

கிறீச்சோடு ‘தொப்’ என்று ஒரு அமுங்கலும் இருந்தால் பிளைவுட்டுக்கு அடியில் தளம் பள்ளம். ஆறடி மட்டப்பலகை வைத்தால் மூன்று மி.மீ.-க்குமேல் வெளிச்சம் தெரியக் கூடாது என்பது கணக்கு. சின்னப் பள்ளமானால் அந்த இடத்தில் மட்டும் பிரித்து, தாளை விலக்கி, சமன்படுத்தும் சிமெண்டுக் கலவை ஊற்றிக் காய்ந்தபின் மூடலாம்.

புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்களின் பழைய மாடிகளில் தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் இருக்கும். அங்கே சத்தம் தரையிலிருந்து வருகிறதா, உத்திரத்திலிருந்து வருகிறதா என்று கீழ் அறையில் நின்று கேட்டுவிட்டுத்தான் மேலே கை வைக்க வேண்டும். உத்திரத்தின் முனை சுவருக்குள் உளுத்திருந்தால் அது பொறியாளர் பார்க்க வேண்டிய விஷயம்.

கறுப்புக் கறை

இரும்பும் ஈரமும் மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் சேர்ந்தால் கறுக்கும். ஆணி வரிசையில் புள்ளி புள்ளியாக வந்தால் ஆணி துருப்பிடிக்கிறது. நாலு மூலையில் நாலு வட்டமாக வந்தால் இரும்புக் கட்டில் அல்லது பீரோ கால். கால்களுக்கு ரப்பர் மாட்டுங்கள். கறையின் மேல் இருக்கும் பாலிஷை உப்புத்தாளால் எடுத்துவிட்டு, வெந்நீரில் கரைத்த ஆக்சாலிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வையுங்கள். வெளுத்ததும் சுத்தமான நீரில் இரண்டு மூன்று முறை துடைத்தெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பாலிஷ் தொடுங்கள். ஆக்சாலிக் அமிலம் விஷம். கையுறை போடுங்கள், காய்ந்த தூளை மூச்சில் இழுக்காதீர்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்ப்பவர்கள் புதுக் கறைக்குத்தான் விதை போடுகிறார்கள்.

பாலிஷ் வெளுக்கிறது, ஒட்டுகிறது, கொப்பளிக்கிறது

மழை நாளில் அடித்த பாலிஷ் வெள்ளைப் படலம் போட்டால், தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் பனித்திருக்கிறது. காய்ந்த பகலில் மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து மெல்லிய கை ஒன்று அடித்தால் பெரும்பாலும் தெளியும். இரண்டு பாகம் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷில் ஊசிக்குத்துக் கொப்பளம் வந்தாலும் ஈரக் காற்றுதான் காரணம். அதற்குத் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தேக்கில் நாட்கணக்கில் பிசுபிசுப்பு நிற்பது மரத்தின் எண்ணெயால். கடைசியாகத் தேய்த்ததும் தின்னர் துணியால் ஒருமுறை துடைத்து, அது ஆறியவுடன் முதல் கை அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் எண்ணெய் திரும்ப மேலே வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் பாலிஷ் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். கிரகப்பிரவேச தேதிக்காக வைத்துக்கொண்டால் தையில் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

கட்டிலுக்கு அடியில் நிறம் வெளிறியும் மற்ற இடம் பொன்னிறமாகவும் இருந்தால் கோளாறு இல்லை. தேக்கு வெளிச்சத்தில் நிறம் மாறும். முதல் வருஷம் கம்பளத்தையும் கட்டிலையும் அவ்வப்போது நகர்த்திப் போட்டால் சமமாகிவிடும்.

தூள் கொட்டுகிறது

தூளை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவாக வழவழத்து, பக்கத்தில் ஊசித்துளை இருந்தால் வண்டு. அது மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும், உள்ளே இருக்கும் கெட்டியான வைரப் பகுதியைத் தொடாது. வெள்ளை கலந்த பலகையை மலிவாக வாங்கிய இடங்களில்தான் இது வரும். அந்தப் பலகைகளை மாற்றிவிடுங்கள். புதுப் பலகைக்குப் பாலிஷுக்கு முன்னால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் கொடுங்கள். பாலிஷ் அடித்தபின் கொடுத்தால் மரத்துக்குள் இறங்காது.

விரலுக்கு மணல் மணலாக உருளுகிறது, குவியல் குவியலாகக் கிடக்கிறது என்றால் காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கறையான். மண் கோடு சுவரோரம் ஏறி வந்தால் நிலத்துக் கறையான். இரண்டாவதுக்குப் பலகைக்கு மருந்து அடித்துப் பயனில்லை. அதன் வழி மண்ணில் இருக்கிறது. சுவரும் தளமும் சேரும் இடத்தில் வரிசையாகத் துளையிட்டு மருந்து செலுத்தும் முறைக்கு ஐ.எஸ். 6313 என்ற தர நிர்ணயம் உண்டு. வேலைக்கு வருகிறவர் அதன்படி செய்கிறாரா என்று கேளுங்கள்.

திரும்பப் பலகை அடிக்கும்போது, அலமாரிக்குப் பின்னால் போகும் ஸ்கர்ட்டிங்கை மட்டும் ஆணிக்குப் பதில் திருகாணியில் மாட்டச் சொல்லுங்கள். ஆடியில் ஒருமுறை, தையில் ஒருமுறை கழற்றி, டார்ச் அடித்து மண் கோட்டையும், மீட்டர் குத்தி ஈரத்தையும் பார்த்துவிட்டு மூடலாம்.